அபெலினா தோட்டத்தில் அடித்த மருந்து

அபெலினாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவளைப் பற்றிச் சொல்லப்போவதை வைத்து என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துத் தோட்டம். சரிவில் அவள் பாத்தி முடிகிற இடத்தில் என் பாத்தி ஆரம்பம். மழைக்காலத்தில் அவளுடைய மண் கொஞ்சம் கரைந்து என் வாய்க்காலில் இறங்கும். மறுநாள் காலையில் கூடையும் கையுமாக வந்து நிற்பாள்.

"என்னக்கா, ஒரு கூடை மண்ணுக்கா வந்தே?"

"என் மண்ணுடி இது. உனக்கு வேணும்னா நீ செஞ்சுக்கோ."

அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அப்படி ஒரு கருமி.

ஆனால் 'செஞ்சுக்கோ' என்று அவள் சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை. எங்கள் பெங்கெட் மலையில் யாரும் மண்ணைச் செய்வதில்லை. கீழே சமவெளியிலிருந்து லாரியில் கோழி எரு வரும், பச்சையாக, ஈ மொய்க்க மொய்க்க. அதை மூட்டை மூட்டையாக இறக்கி முட்டைக்கோசுக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டுவோம். அதற்கு மேல் யூரியா. அதற்கும் மேல் வாரம் ஒரு தரம் பூச்சிமருந்து. விளைச்சலுக்குக் குறைவில்லை. மண் மட்டும் வெயிலில் ஓடு மாதிரி வெடிக்கும்.

அபெலினா காட்டுச் சூரியகாந்தியைப் பூக்கும் முன்னே அறுத்துக்கொண்டு வருவாள். பாதையோரம், ஓடைக்கரை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், எங்கே முளைத்திருந்தாலும் விடமாட்டாள். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, பன்றிச் சாணி, வைக்கோல், அடுப்புச் சாம்பல், போன போகத்துப் பீன்ஸ் கொடி எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு நெஞ்சு உயரத்துக்குக் குவிப்பாள். குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருப்பாள். தினமும் காலையில் அதை உருவி மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள். சூடு தாங்க முடியாவிட்டால் சரியாக வேகிறது என்று அர்த்தம். சூடு இறங்கினால் குவியலையே புரட்டிப் போடுவாள், தனியாளாக. நாங்கள் அவளுக்குக் குப்பை ராணி என்று பேர் வைத்திருந்தோம். அவள் காதுபடவே கூப்பிடுவோம். 'என்ன' என்று திரும்பியும் பார்ப்பாள்.

அவள் இப்படி ஆனது புருஷனால்.

லுபெர்த்தோ அண்ணன் மருந்தடிக்கிற கூலியாள். பெரிய தோட்டக்காரர்கள் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினால் மத்தியானம்வரை அடிப்பார். இருபத்திரண்டு வருஷம். அவர் சட்டையை அபெலினா ஓடையில் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாள். நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு காப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. பிறகு கால். பாகியோ நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மருந்துதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அபெலினா மட்டும் சொன்னாள். ஊருக்குத் திரும்பிய அன்றைக்கே டேங்க்கைப் பாதை நடுவில் தூக்கிப் போட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் நொறுக்கினாள்.

லுபெர்த்தோ வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் சோறுடி, அபெலினா."

"அதான் உன்னைத் தின்னுது."

அப்புறம் அவர் பதின்மூன்று வருஷம் இருந்தார். கடைசியில் ஊட்டிவிட வேண்டியிருந்தது. அவளே ஊட்டினாள், கழுவினாள், தூக்கி வெயிலில் உட்கார வைத்தாள். இதெல்லாம் செய்துகொண்டேதான் எருவையும் புரட்டினாள். முதல் இரண்டு வருஷம் அவள் பீன்ஸைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இலையெல்லாம் துருநோய், காயெல்லாம் கோணல். மூன்றாவது வருஷம் மண் நிறம் மாறியது. பிடித்தால் உதிர்ந்தது, உள்ளே புழு நெளிந்தது. நாணல் கழியில் ஆள் உயரத்துக்குக் கொடி ஏறியது. காயை ஒடித்தால் அடுத்த பாத்தியில் நிற்கிற எனக்குச் சத்தம் கேட்கும். அப்போது சிரிப்பு நின்றுபோனது.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு சின்னப் பாத்தி உண்டு. அதில் மருந்து அடிக்க மாட்டோம். அது நாங்கள் தின்ன. பெரிய தோட்டத்தில் விளைவது சந்தைக்கு. கீழே இருப்பவர்கள் தின்ன. இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது, எனக்கும் இருந்ததில்லை. அபெலினாவுக்கு மட்டும் அந்தச் சின்னப் பாத்தி இல்லை. காலையில் எந்தக் கொடியில் பறித்து மூட்டை கட்டினாளோ, அதே கொடியில் பறித்துத்தான் மத்தியானம் புருஷனுக்கு வேகவைத்தாள். அவளிடம் பெருமை என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.

அவளைப் பார்த்துத்தான் நாங்கள் ஒன்பது வீட்டார் சேர்ந்து குழு ஆரம்பித்தோம். மருந்தில்லாக் காய்கறிக்கென்று பாகியோவில் ஒரு கடை. அங்கிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வண்டி வரும். பீன்ஸ் மட்டும் அபெலினாவிடம்தான் எடுப்பார்கள். குழுவில் யாரும் தப்பு செய்யாமல் பார்த்துக்கொள்ள அதிகாரி எவரும் வர மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி தன் தோட்டத்தில் மருந்தடித்தால் அந்தத் தோட்டம் மூன்று வருஷம் வெளியே. ஆனால் குழுவில் இருப்பவர்களே கூடி மருந்தடித்திருந்தாலோ, தெரிந்தே மறைத்திருந்தாலோ, ஒன்பது பேருக்கும் சேர்த்து, மருந்தில்லாத் தோட்டம் என்கிற அத்தாட்சித் தாளைக் கடைக்காரர்கள் கிழித்துவிடுவார்கள்.

அக்கம்பக்கத்தார் சோதனை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போவோம், காப்பி குடிப்போம், கையெழுத்துப் போடுவோம். அபெலினா அப்படி இல்லை. பன்றிக் கொட்டில், விறகு அடுக்கு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லா இடத்திலும் மூக்கை நுழைப்பாள். ஒரு வருஷம் என் வீட்டு வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த பழைய யூரியா சாக்கைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அது ஏழு வருஷத்துச் சாக்கு. கால் மிதிக்கு போட்டிருக்கேன்."

"சாக்கு வந்திருக்குல்ல? அப்போ எழுதணும்."

எழுதினாள். ஒரு போகம் முழுக்க என்னை வெளியே நிறுத்தினார்கள். மறுவாரமே என் வீட்டுக்கு வந்து உப்புக்கண்டம் கேட்டாள், ஒன்றும் நடக்காத மாதிரி. கொடுத்தேன். வயிறு எரிய எரியக் கொடுத்தேன்.

லுபெர்த்தோ அண்ணன் மார்ச் மாசம் செத்துப்போனார். மழையே இல்லாத மாசம். நாலு நாள் வீட்டில் வைத்திருந்து, பன்றி அடித்து, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். அவர் தம்பி ரூஃபினோதான் பெட்டியின் தலைப்பக்கத்தைத் தோளில் சுமந்தான். பெரிய உடம்பு, பெரிய சத்தம், ஏக்கர் கணக்கில் முட்டைக்கோஸ் போடுகிறவன். எங்கள் குழுவில் இல்லை, அதைக் கிண்டல் பண்ணுகிறவன். அண்ணனைப் புதைத்த அன்றைக்குக் குழந்தை மாதிரி அழுதான்.

புதைத்த பிறகு ஒன்பது நாள் துக்க வீட்டார் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது. மண்வெட்டியைத் தொடக் கூடாது. அவர்களிடம் யாரும் தோட்டத்துப் பேச்சையே எடுக்கக் கூடாது. பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்பதுகூடத் தப்பு. ஏன் என்று எங்களுக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. அந்த ஒன்பது நாளும் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் போய் அவர்கள் வேலையைச் செய்ய வேண்டும். கூலி கிடையாது. துக்கம் முடிந்ததும் அந்தத் தோட்டத்தில் முதலில் பறிப்பதைச் சமைத்து, வேலை செய்தவர்களுக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான்.

ரூஃபினோ, எங்கள் குழுவில் இருக்கிற கஸ்பார், நான், மூன்று பேரும் போனோம். பீன்ஸ் விரல் நீளம் விட்டிருந்தது. இன்னும் பத்து நாளில் பறிக்கலாம். அண்ணனின் மருத்துவச் செலவுக்கும் சாவுக்கும் போனதை எல்லாம் அவள் இந்தப் போகத்தில்தான் எடுத்தாக வேண்டும். தண்ணீர் பாய்ச்சினோம், சாய்ந்த கழியை நட்டோம். மூன்றாம் நாள் கஸ்பார் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினான். அடியில் கறுப்பாக அசுவினிப் பூச்சி. அடுத்த நாள் தண்டிலும் இருந்தது. ஐந்தாம் நாள் பிஞ்சில் ஏறிவிட்டது.

"அண்ணி என்ன பண்ணுவாங்க இதுக்கு?" என்று ரூஃபினோ கேட்டான்.

"சோப்புத் தண்ணி அடிப்பா. இல்லேன்னா விரலாலயே நசுக்குவா" என்றேன்.

"இத்தனை கொடியையுமா? நசுக்கி முடிக்கறதுக்குள்ள எங்கண்ணனுக்கு வருஷ திவசமே வந்துடும்."

"போய்க் கேட்டுட்டு வரலாமா?" என்றான் கஸ்பார்.

"எதைக் கேப்பே? அஞ்சாம் நாளு தோட்டத்தைப் பத்தி அவங்ககிட்ட பேசுவியா? உனக்குப் புத்தி இருக்கா?"

ரூஃபினோ ஒரு பிஞ்சைத் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "எங்கண்ணன் உசுரோட இருந்தா இந்தப் பயிரைச் சாக விடுவானா? ஒரு டேங்க் போதும். யாருக்குத் தெரியப்போவுது? அண்ணி வந்து பாக்கறப்போ கொடி பச்சைப்பசேல்னு நிக்கணும். அவங்களுக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான்."

சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. அவன் மனசார அன்புடன்தான் செய்தான்.

நான் என்ன மனசோடு செய்தேன்? இதை இத்தனை நாளாக யாரிடமும் சொன்னதில்லை. கொடி பிழைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், அது நிஜம். ஆனால் உள்ளே ஒரு மூலையில் ஒரு சந்தோஷமும் இருந்தது. பதின்மூன்று வருஷமாக எங்களுக்குப் பாடம் எடுத்தவள், என் சாக்கை எழுதினவள், கடைசியில் எங்கள் மருந்தில்தான் பிழைக்கப்போகிறாள் என்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் நான் ஓடையிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து டேங்க்கில் ஊற்றினேன். ரூஃபினோ அடித்தான். கஸ்பார் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்திருந்தான்.

பத்தாம் நாள் காலையில் அபெலினா தோட்டத்துக்குப் போனாள். நான் என் வீட்டு அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசையிலேயே நின்றுவிட்டாள். குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள். நேரே என் வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். ஐந்தாறு பொறிவண்டு, செத்துக் காய்ந்து கிடந்தது. அசுவினியைத் தின்கிற வண்டு.

"யாரு?"

"எதுக்கா?"

"இருபத்திரண்டு வருஷம் அந்த வாடையைத் துவைச்சவ நான். என்கிட்ட எதுன்னு கேக்காதே. யாரு?"

சொன்னேன். ரூஃபினோ அடித்தான் என்றேன். அசுவினி பிஞ்சு வரை ஏறிவிட்டது என்றேன். உன்னிடம் கேட்க முடியாதே, ஒன்பது நாள் துக்கமாயிற்றே என்றேன்.

"தண்ணி யாரு எடுத்தா?"

அவள் என் வீட்டு வாளியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வண்டுகளை இடுப்புத் துணியில் போட்டு முடிந்துகொண்டாள்.

"நாளைக்கு மறுநாள் சாப்பிட வாங்க. மூணு பேரும். வேலை செஞ்சவங்களுக்குப் போடணும்ல."

போனோம். போகாமல் எப்படி இருப்பது? துக்க வீட்டுச் சோற்றுக்குப் போகாவிட்டால் அது பெரிய பகை. சோறு, உப்புக்கண்டம் போட்ட கோழிக் குழம்பு, நடுவில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வேகவைத்த பீன்ஸ். பச்சைப்பசேல் என்று ஆவி பறந்தது. நாங்கள் மருந்தடித்து ஏழு நாள் ஆகியிருந்தது.

அபெலினா எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். "சாப்பிடுங்க."

கோழியைத் தின்றோம். சோற்றைத் தின்றோம். கஸ்பார் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டான். கிண்ணத்தின் பக்கம் ஒருத்தர் கையும் போகவில்லை.

"ரூஃபினோ, பீன்ஸ் போட்டுக்கோ."

"வயிறு நிறைஞ்சு போச்சு, அண்ணி."

"அப்படியா? சரி, நாளைக்கு இதைப் பறிச்சு சந்தைக்கு அனுப்பலாமா? உனக்குத்தான் கணக்கு தெரியும், சொல்லு."

"தாராளமா அனுப்பலாம். நான்லாம் அடிச்ச மூணாம் நாளே அனுப்பிடறேன். கீழ யாரு கேக்கப்போறா?"

"அப்போ தின்னு."

ரூஃபினோ சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அண்ணி, நான் உங்க நல்லதுக்குத்தான்…"

"தெரியும். தின்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரிய உடம்புக்காரன், கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. நானும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஆயிரம் தரம் தின்ற காய்தான். கை எழவில்லை. அபெலினா கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எருக்குவியலில் போடவில்லை, பன்றிக்கும் போடவில்லை. வேலி ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் கஸ்பார் நாலு தரம் என் வீட்டுக்கு வந்தான்.

"சொல்லிடுவாளா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"நாம கூட இருந்தோம்னு தெரிஞ்சா ஒம்பது வீட்டுத் தாளும் போச்சு. அவகிட்ட நீ பேசு. ரெண்டு பேரும் பொம்பளைங்க."

நான் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அபெலினா பீன்ஸைப் பறிக்காமல் விட்டுவிட்டாள். காய் முற்றி, வீங்கி, மஞ்சளாகி, கொடியிலேயே தொங்கியது. வெள்ளிக்கிழமை வண்டி வந்தது, இந்த வாரம் இல்லை என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரமும் அப்படியே. காலையில் எழுந்து வழக்கம்போல எருக்குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சோதனை நாளில் கடையிலிருந்து இசபெல் வந்தாள். சின்ன வயசு, நல்ல பெண், எல்லோரையும் அம்மா என்று கூப்பிடுவாள். அந்த முறை தாளில் எழுதும் பொறுப்பு என்னுடையது, கூடச் சோதிக்கிறவன் கஸ்பார். நான்கு பேரும் வரப்பில் நின்றோம். இசபெல் முற்றிய காய்களைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"ஐயோ, பறிக்கவே இல்லையா அம்மா? பாவம், அய்யா போன துக்கத்துல மனசு வந்திருக்காது. பரவாயில்ல, அடுத்த போகத்துக்குப் பாத்துக்கலாம்."

காரணத்தை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனிமேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கஸ்பார் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. நான் தாளில் இருக்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே எழுதினேன். எரு எங்கே செய்தது? சொந்தத் தோட்டத்தில். கோழி எரு வெளியே வாங்கினதா? இல்லை. இந்தப் போகத்தில் மருந்து அடித்ததா? 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

"நேலி, அதை அடிச்சுடு" என்றாள் அபெலினா.

"எதைக்கா?"

"இல்லேன்னு எழுதினியே, அதை. ஆமான்னு எழுது."

இசபெலுக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க? மருந்தா? உங்க தோட்டத்துலயா? யாரு அடிச்சாங்க?"

கஸ்பார் தன் செருப்பைப் பார்த்தான். அபெலினா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவசரமும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாளி தண்ணீர், ஓடையிலிருந்து நான் கொண்டுவந்தேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒன்பது வீட்டுத் தாள் போகும். என் தாளும் போகும். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள் அபெலினா.

"நீங்களா?"

"துக்கம் முடிஞ்சு வந்து பாத்தா ஒரே அசுவினி. மனசு கேக்கல. கொழுந்தன்கிட்ட டேங்க் வாங்கி அடிச்சிட்டேன். நேலி, எழுது."

எழுதினேன். 'அபெலினா தன் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்ததாக ஒப்புக்கொண்டார்.' கீழே சோதித்தவர் என்கிற இடத்தில் என் கையெழுத்து, அதற்குக் கீழே கஸ்பார் கையெழுத்து. இசபெலுக்கு அழுகை வந்துவிட்டது. அபெலினாதான் அவள் தோளைத் தட்டி வண்டிவரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

திரும்பி வரும் வழியில் அவளைப் பிடித்துக் கேட்டேன். "ஏங்க்கா அப்படிச் சொன்னே? பேசாம இருந்திருக்கலாமே. அவளே விட்டுட்டாளே."

"நான் தின்னாததை விக்க மாட்டேன். அது உனக்குத் தெரியும்."

"அப்போ நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே."

"என் புருஷனைச் சுமந்த தோளு அவனுது. துக்கத்துல எனக்குத் தண்ணி பாச்சின கை உன்னுது. அதைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரல." கொஞ்ச தூரம் நடந்தாள். "உனக்கு வரும்னு பாத்தேன்."

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் போகத்துக் கொடியை எல்லாம் அவள் பிடுங்கி எரித்தாள். மறுபடி காட்டுச் சூரியகாந்தி அறுத்தாள், குவித்தாள், புரட்டினாள். அவள் பீன்ஸ் முன்னைவிட நன்றாகத்தான் விளைகிறது. ஆனால் லாரியில் ரூஃபினோவின் முட்டைக்கோசுக்குப் பக்கத்தில், மருந்தடித்த பீன்ஸோடு ஒன்றாக மூட்டை கட்டிப் போகிறது. கீழே சந்தையில் எது எது என்று யாருக்கும் தெரியாது. இங்கே மலையிலோ, சந்தைக்குப் போகிற வண்டியில் ஏறினால் இதே பேச்சுதான்.

"அந்தக் குப்பை ராணியே மருந்து அடிச்சாளாமே?"

"ரொம்ப நாளா அடிச்சிருப்பா. இப்போதான் மாட்டினா."

"அப்புறம் நாம அடிச்சா என்ன தப்பு?"

ஒரு நாள் ரூஃபினோவும் அந்த வண்டியில் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இறங்கும்போது எனக்கு அவன் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

இன்னொன்றும் நடந்தது. பாகியோ கடைக்குப் பீன்ஸ் வேண்டுமே, வாரா வாரம் வேண்டுமே. இசபெல் குழுவில் கேட்டாள். அபெலினா தோட்டத்துக்கு அடுத்தது என் தோட்டம். அதே வெயில், அதே ஓடைத் தண்ணீர். என்னிடம் கொடுத்தார்கள். நான் மருந்தடிக்கிறதில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன். கம்பியை உருவி மணிக்கட்டில் வைத்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். நல்ல விலை. போன வருஷம் கூரைத் தகடு மாற்றினேன்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் மனசு தாங்கவில்லை. அவள் தோட்டத்துக்குப் போனேன். எருவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கை லேசாக நடுங்க ஆரம்பித்திருக்கிறது. வயசாகத்தான் இருக்கும்.

"அக்கா, இசபெல்கிட்ட நான் சொல்லிடறேன். யாரு அடிச்சான்னு."

அவள் வேலையை நிறுத்தவில்லை. "என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை வண்டி வர்றப்போ."

வேண்டாம் என்பாள், போனது போகட்டும் என்பாள் என்று நினைத்துத்தான் போனேன் போலிருக்கிறது. அவள் கையிலிருந்த கவைக்கம்பை எருவில் குத்தி நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் நான் பத்து வருஷமாகப் பார்க்காத ஒன்று இருந்தது. ஆசை.

"சொல்லு, நேலி" என்றாள். "நான் வீட்டுலதான் இருப்பேன்."

அந்த வெள்ளிக்கிழமை வண்டி வந்தபோது அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு. அதற்கப்புறம் எட்டு வெள்ளிக்கிழமை வந்துபோய்விட்டது. நேற்று முப்பத்திரண்டு கிலோ பீன்ஸ் ஏற்றி அனுப்பினேன்.